முகாம் என்ற ஒரே சொல்: புதுவை, கடலூர் கல்லூரிகளின் நாட்டு நலப்பணித் திட்டத்தினருக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய திட்ட அலுவலர்களுக்கும் அன்புள்ள மாணவத் தொண்டர்களுக்கும் வணக்கம்.

ஆண்டுத் திட்டம் வகுக்க நீங்கள் கூடி உட்காரும்போது, சிறப்பு முகாமை எந்த ஊரில் நடத்துவது, எந்தத் தலைப்பில் நடத்துவது என்ற கேள்வி முதலில் எழும். மரக்கன்று நடுதல், இரத்த தானம், நெகிழி ஒழிப்பு, கடற்கரைத் தூய்மை என்ற வழக்கமான தலைப்புகளோடு, அகதிகளைப் பற்றியும் கட்டாய இடப்பெயர்வு பற்றியும் பேச வேண்டும் என்று ஆங்காங்கே சில இளைஞர்கள் முன்வருவதைக் கண்டு மனம் நிறைகிறது. அந்த நிறைவோடுதான், அதை நாம் செய்யும் விதத்தை மாற்றிக்கொள்ள வேண்டும் என்ற வேண்டுகோளையும் உங்கள்முன் வைக்கிறேன். நான் கடலூரில் பிறந்து புதுச்சேரியில் படித்தவள். மாணவியாக இருந்தபோது இத்திட்டத்தில் இரண்டு ஆண்டுகள் தொண்டராக இருந்தவள். இப்போது சனிக்கிழமைகளில், இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம் ஒன்றின் மாலை வகுப்பில் கணக்குச் சொல்லித்தரப் போய்வருபவள்.

என் தவறு ஒன்றிலிருந்து தொடங்குவதே முறையாக இருக்கும். நான் இறுதியாண்டு படித்தபோது, ஜூன் 20 உலக அகதிகள் நாளையொட்டி ஒரு நிகழ்ச்சி ஏற்பாடு செய்தோம். அழைத்திருந்த பேச்சாளர் கடைசி நேரத்தில் வர முடியாமற்போகவே, முகாமிலிருந்து படிக்க வந்துகொண்டிருந்த வணிகவியல் இரண்டாமாண்டு மாணவி ஒருத்தியை மேடைக்கு அழைத்து, "நீங்க பட்ட கஷ்டத்தைச் சொல்லுங்க" என்று ஒலிவாங்கியைக் கையில் கொடுத்தவள் நான்தான். அவள் இந்தப் பக்கத்திலேயே பிறந்தவள். போரையும் பார்த்ததில்லை, படகையும் பார்த்ததில்லை. என்ன சொல்வதென்று தெரியாமல், பாட்டியிடம் கேட்டதை மூன்று நிமிடம் சொல்லிவிட்டு இறங்கினாள். கைதட்டினோம், முன்வரிசையில் ஓரிருவர் கண் கலங்கினார்கள். மறுநாள் ஒரு நாளிதழில் அவளுடைய படம், பெயரோடும் முகாமின் பெயரோடும் வந்தது. அவள் எந்த ஊரிலிருந்து பேருந்து ஏறி வருகிறாள் என்பது அதுவரை வகுப்பில் பாதிப் பேருக்குத் தெரியாது. சில நாள் கழித்து நூலக வாசலில் என்னைப் பார்த்து அவள் சொன்னது இன்றைக்கும் காதில் நிற்கிறது: "அக்கா, நான் நல்லா கணக்குப் போடுவேன்னு இங்க ஒருத்தருக்கும் தெரியாது. நான் முகாம்னு மட்டும் இப்ப எல்லாருக்கும் தெரிஞ்சுபோச்சு."

இந்த மடலை எழுதவைத்தது அந்த வாக்கியம்தான். ஒரு மனிதருடைய துயரத்தை மேடையில் வைத்துக் காட்டுவதற்கு விழிப்புணர்வு என்று நாங்கள் பெயர் வைத்திருந்தோம். அந்த அரங்கில் இருந்த இருநூறு பேரும், அவள் ஏன் இன்னும் முகாமில் இருக்கிறாள், எந்தச் சட்டம் அவளை அங்கே நிறுத்தி வைத்திருக்கிறது, அது மாற வேண்டுமானால் யார் எதைச் செய்ய வேண்டும் என்ற கேள்விகளில் ஒன்றையேனும் கேட்காமல் வீடு திரும்பினோம்.

நம் திட்டத்தில் 'முகாம்' என்றால் ஏழு நாள். தத்தெடுத்த ஊரின் பள்ளிக்கூடத்தில் பாய் விரித்துப் படுத்து, காலையில் கோயில் குளம் தூர்வாரி, மாலையில் நாடகம் போட்டு, எட்டாம் நாள் வீடு திரும்புகிறோம். புதுச்சேரியிலிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலையில் வடக்கே போனால், காலாப்பட்டில் பல்கலைக்கழகத்தைத் தாண்டிச் சற்றுத் தொலைவில் கீழ்புத்துப்பட்டு வரும். மஞ்சனீஸ்வரர் அய்யனார் கோயிலுக்குப் பொங்கலிட நம் குடும்பங்கள் போகும் ஊர்தான். அங்கேயும் ஒரு முகாம் இருக்கிறது. கடலூர் மாவட்டத்தில் குறிஞ்சிப்பாடியிலும் இருக்கிறது. அங்கே பிறந்த குழந்தைகள் அங்கேயே வளர்ந்து, மணமுடித்து, அவர்களுடைய குழந்தைகளும் அதே முகாம் முகவரியோடு பள்ளியில் சேர்ந்துவிட்டார்கள். கீழ்புத்துப்பட்டு விழுப்புரம் மாவட்டத்தில் இருப்பதால், அது வேறு மாநிலத்து விவகாரம் என்று புதுவைக் கல்லூரிகள் ஒதுங்கிவிடுவதுண்டு. அந்தப் பிள்ளைகளோ காலையில் புதுவைப் பேருந்தில்தான் நம் வகுப்புகளுக்கு வந்து சேர்கிறார்கள்.

1983 ஜூலையில் இலங்கையில் தமிழருக்கு எதிராக நடந்த கலவரத்துக்குப் பின், நான்கு கட்டங்களாக, மூன்று லட்சத்துக்கும் மேற்பட்டோர் கடல் கடந்து தமிழ்நாட்டுக்கு வந்தார்கள். இடையிடையே பலர் திரும்பிப் போனார்கள். 2021 ஆகஸ்டில் தமிழ்நாடு அரசு சட்டமன்றத்தில் தந்த கணக்கின்படி, ஏறத்தாழ 59,000 பேர் நூற்றுக்கும் மேற்பட்ட முகாம்களிலும், 34,000 பேர் காவல் நிலையங்களில் பதிவு செய்துகொண்டு வெளியிலும் வாழ்ந்தார்கள். அப்போதுதான் அகதிகள் முகாம் என்ற பெயர் மாறி, இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம் என்ற பெயர் வந்தது, ரூ.317 கோடி மதிப்பில் புதிய வீடுகள் உள்ளிட்ட திட்டங்களும் அறிவிக்கப்பட்டன. நல்ல காரியம். பத்துக்குப் பத்து அறையில் மூன்று தலைமுறை ஒடுங்கிப் படுத்த இடத்தில் ஒழுகாத கூரை வருவது சிறிய விஷயமன்று. ஆனாலும் பதாகை எழுதும் நாம் 'அகதி' என்ற சொல்லைத்தான் இன்னும் எடுக்கிறோம். போக்கிடம் அற்றவர் என்று பொருள்படும் அந்தச் சொல்லை, இங்கேயே பிறந்த பதினெட்டு வயதுப் பிள்ளையின் நெற்றியில் ஒட்டுவதற்குமுன் ஒரு கணம் தயங்குங்கள் என்று கேட்டுக்கொள்கிறேன். சட்டத்தைப் பேசும்போது அச்சொல் தேவைப்படும். ஆளைக் கூப்பிடுவதற்கு அது வேண்டியதில்லை.

எங்கள் மாலை வகுப்புக்குப் பேரனைக் கொண்டுவந்து விடும் ஒரு மூதாட்டி இருக்கிறார். அவருடைய பாட்டனார் திருச்சிப் பக்கத்திலிருந்து இலங்கை மலையகத்துத் தேயிலைத் தோட்டத்துக்குக் கூட்டிச்செல்லப்பட்டவர். 1948இல் இலங்கையில் வந்த குடியுரிமைச் சட்டம் அந்தத் தோட்டத் தொழிலாளர்களை நாடற்றவர்களாக்கியது. 1964இல் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் இலங்கைப் பிரதமர் சிறிமாவோவும் செய்துகொண்ட ஒப்பந்தம், ஐந்து லட்சத்து இருபத்தைந்தாயிரம் பேர் இந்தியாவுக்கு, மூன்று லட்சம் பேர் இலங்கைக்கு என்று ஆட்களைக் கணக்குப் பிரித்தது. எஞ்சிய ஒன்றரை லட்சம் பேரை 1974இல் ஆளுக்குப் பாதியாக்கினார்கள். 1977 கலவரத்தில் அந்த மூதாட்டியின் குடும்பம் மலையை விட்டு வவுனியாவுக்கு இறங்கியது. போர் அங்கேயும் வந்தபோது, மன்னார்க் கரையிலிருந்து படகேறி மண்டபத்தில் இறங்கியது. "எங்க தாத்தா விட்டுட்டுப் போன ஊருக்குத்தானே நாங்க திரும்பி வந்தோம், பிள்ளை" என்பார். திருச்சி மண்ணில் வேர் உள்ள ஒருவரைத் தமிழ்நாட்டிலேயே வெளிநாட்டவராக வைத்திருக்கும் இந்த வரலாற்றை நான் படித்த பாடநூல்களில் கண்டதில்லை. ஒரு சிறப்பு முகாமின் ஏழு மாலைகளை இந்த ஒரே குடும்பத்தின் பயணத்தைப் புரிந்துகொள்ளச் செலவிட்டாலும், அத்தனை மாலைகளும் பயன்பட்டதாகவே கொள்வேன்.

தொண்டர்கள் முதலில் படித்துத் தேற வேண்டியது சட்டத்தை. 1951ஆம் ஆண்டின் அகதிகள் உடன்படிக்கையிலும் 1967ஆம் ஆண்டின் நெறிமுறையிலும் இந்தியா சேரவில்லை. அகதிகளுக்கென்று தனிச் சட்டமும் நம் நாட்டில் இல்லை. ஆகவே, உயிர் பிழைக்கக் கடவுச்சீட்டு இல்லாமல் படகில் வந்தவர், சட்டத்தின் பார்வையில் சட்டவிரோதக் குடியேறி ஆகிறார். குடியுரிமைச் சட்டப்படி, 1950 ஜனவரி 26 முதல் 1987 ஜூன் 30 வரை இந்திய மண்ணில் பிறந்தவர் பிறப்பாலேயே குடிமக்கள். அதற்குப் பின் பிறந்தவருக்குப் பெற்றோரில் ஒருவராவது இந்தியக் குடிமகனாக இருக்க வேண்டும். 2004 டிசம்பர் 3 முதல் பிறந்தவருக்கோ, பெற்றோரில் ஒருவர் குடிமகனாக இருந்தால் மட்டும் போதாது, மற்றவர் சட்டவிரோதக் குடியேறியாக இருக்கவும் கூடாது. இந்தத் தேதிகளை உங்கள் வகுப்பில் முகாமிலிருந்து வரும் மாணவரின் பிறந்த தேதியோடு ஒப்பிட்டுப் பாருங்கள். உங்களோடு ஒரே பள்ளியில் படித்து, ஒரே மதிப்பெண் வாங்கி, ஒரே வினாத்தாளுக்குத் தமிழில் விடை எழுதியவர், வாக்காளர் பட்டியலிலும் இடம்பெற முடியாது, கடவுச்சீட்டும் பெற முடியாது, அரசுத் தேர்வாணையத் தேர்வுக்கும் விண்ணப்பிக்க முடியாது. பட்டம் பெற்ற பின்னும் முகாம் ஆண்களில் பலர் பெயிண்டிங் வேலைக்குத்தான் போகிறார்கள் என்பதற்கு முயற்சிக் குறைவு காரணமன்று.

2019இன் குடியுரிமைத் திருத்தச் சட்டம் பாகிஸ்தான், ஆப்கானிஸ்தான், வங்கதேசம் ஆகிய மூன்று நாடுகளிலிருந்து வந்த, முஸ்லிம் அல்லாத ஆறு சமயத்தவருக்கே வழி திறந்தது. இலங்கை அதில் இல்லை. 2025 செப்டம்பரில் புதிய குடிவரவு மற்றும் வெளிநாட்டினர் சட்டம் நடைமுறைக்கு வந்தபோது, 2015 ஜனவரி 9க்குள் வந்து பதிவு செய்துகொண்ட இலங்கைத் தமிழர்களுக்குக் கடவுச்சீட்டும் விசாவும் இல்லாததற்கான தண்டனையிலிருந்து மத்திய அரசு விலக்கு அளித்தது. அதனால் கைது அச்சம் நீங்கியது, குடியுரிமை கிடைக்கவில்லை. இதற்கிடையே நம்பிக்கை தரும் செய்தியும் ஒன்று உண்டு. 1986இல் மண்டபம் முகாமில் பிறந்த ஒரு பெண், தான் பிறப்பால் இந்தியக் குடிமகள் என்று மதுரை உயர்நீதிமன்றக் கிளைக்குப் போனார். 2022இல் அவருக்குக் கடவுச்சீட்டு வழங்க நீதிமன்றம் ஆணையிட்டது. 2024 மக்களவைத் தேர்தலில் திருச்சியில் அவர் வாக்களித்தார். அவருடைய பிறப்புச் சான்றிதழ் பத்திரமாக இருந்ததால் அது நடந்தது. இதை நான் அழுத்திச் சொல்வதற்குக் காரணம் உண்டு.

உங்கள் தொண்டு உடனடியாகப் பயன்படும் இடம் அந்தச் சான்றிதழ்தான். மாலை வகுப்பு முடிந்ததும் எங்களிடம் நீட்டப்படும் தாள்களைப் பார்த்தால் வேலையின் அளவு தெரியும். முகாம் அடையாள அட்டையில் ஒரு பெயர், மாற்றுச் சான்றிதழில் அதே பெயருக்கு வேறு எழுத்து, பிறப்புப் பதிவில் தந்தை பெயரே இல்லாத இடைவெளி. மலையக வழிவந்த குடும்பங்களில், பாட்டனாரின் இந்தியக் கடவுச்சீட்டும் தோட்டத்துச் சம்பளப் புத்தகமும் தகரப் பெட்டியின் அடியில் செல்லரித்துக் கிடக்கின்றன. வழக்கறிஞர் ஒருவரிடம் போனால் முதலில் கேட்கப்படுபவை அவைதாம். அவற்றை ஸ்கேன் செய்து பாதுகாத்துத் தருவது, எழுத்துப் பிழைகளைத் திருத்த விண்ணப்பம் எழுதித் தருவது, எந்த அலுவலகத்தில் எந்தச் சாளரம் என்று கூடப் போய்க் காட்டுவது ஆகிய எதற்கும் மேடை வேண்டாம். இரண்டு ஆண்டுகளில் ஒவ்வொரு தொண்டரும் நிறைவு செய்ய வேண்டிய 240 மணி நேரத்தில் நாற்பது மணி நேரத்தை இதற்குக் கொடுத்தால் போதும். சட்டக் கல்லூரித் தொண்டர்கள் துணைக்கு வந்தால் இன்னும் நன்று. ஒன்றை மட்டும் கண்டிப்பாகச் சொல்வேன்: அந்தத் தாள்களின் படம் எவருடைய கைப்பேசியிலும் தங்கக் கூடாது, செயல்பாட்டு அறிக்கைக்கென்று முகாம் வீட்டு வாசலில் நின்று படம் எடுக்கவும் கூடாது.

அங்கே போவதற்குமுன் தொண்டர்கள் தத்தம் வீட்டுத் திண்ணையில் ஒரு நாள் உட்கார வேண்டும் என்றும் விரும்புகிறேன். தேவனாம்பட்டினத்துப் பிள்ளைகளுக்கு 2004 டிசம்பர் 26க்குப் பிறகு தகரக் கொட்டகைகளில் கழிந்த மாதங்களைப் பற்றிச் சொல்லப் பெற்றோர் இருக்கிறார்கள். நெய்வேலிச் சுரங்கத்துக்காக நிலத்தை விட்டு எழுந்த ஊர்களின் பேரப்பிள்ளைகள் கடலூர்க் கல்லூரிகளில் படிக்கிறார்கள். என் தாய்வழிப் பாட்டியும் அப்படி எழுந்து வந்தவர்தான், பழைய ஊரின் பிடாரியம்மனை நினைத்துப் புது ஊரில் வேம்பு நட்டவர். புதுச்சேரியில், 1975இல் சைகோன் வீழ்ந்தபின் கையில் கிடைத்ததை எடுத்துக்கொண்டு திரும்பிய குடும்பங்கள் உண்டு. பத்தொன்பதாம் நூற்றாண்டில் புதுவை, காரைக்கால் துறைகளிலிருந்து ரீயூனியன், மார்த்தினிக், குவாதலூப் தீவுகளின் கரும்புத் தோட்டங்களுக்குக் கப்பல் ஏறியவர்கள், ஒப்பந்தத்தில் என்ன எழுதியிருக்கிறது என்று தெரியாமல் கைநாட்டு வைத்தவர்கள். இவர்கள் எல்லாரும் சட்டப்படி அகதிகள் அல்லர். சொந்த நாட்டுக்குள்ளேயே பேரிடராலோ பெருந்திட்டத்தாலோ பெயர்க்கப்பட்டவர்களைப் பற்றி ஐக்கிய நாடுகள் அவை 1998இல் தனி வழிகாட்டு நெறிகளே வகுத்தது. இந்த வேறுபாடுகளைத் தொண்டர்கள் தெளிவாக அறிந்திருக்க வேண்டும். ஆனால் வீட்டைப் பூட்டிச் சாவியை எடுத்துக்கொண்டு போனவர் அந்தச் சாவியை ஏன் தூக்கி எறிவதில்லை என்பதை விளக்க, நம் சொந்தப் பாட்டிமார்களைவிட நல்ல ஆசிரியர் கிடைக்கமாட்டார்.

புதுவைக்கு இதில் இன்னொரு உறவும் உண்டு. 1908இல் பிரிட்டிஷ் அரசின் கைதுக்குத் தப்பிப் பிரெஞ்சு ஆட்சியில் இருந்த இந்த ஊருக்கு வந்த பாரதியார், பத்து ஆண்டுகள் இங்கே தங்கினார். 1910இல் அரவிந்தரும் வ.வே.சு. ஐயரும் வந்தார்கள். அரசியல் கருத்துக்காகத் துன்புறுத்தப்படுவோமென்ற அச்சத்தில் எல்லை தாண்டியவர் என்பது, பின்னாளில் 1951 உடன்படிக்கை அகதிக்குத் தந்த வரையறையின் ஒரு பகுதி. 1918 நவம்பரில் பாரதியார் எல்லையைக் கடந்து பிரிட்டிஷ் இந்தியாவுக்குள் காலடி வைத்ததும் கடலூர் அருகே கைதாகி, கடலூர்ச் சிறையில் வைக்கப்பட்டார். ஈசுவரன் தர்மராஜா கோயில் தெருவில் அவர் வாழ்ந்த வீட்டைப் பார்க்கப் பள்ளிப் பிள்ளைகளை வரிசையாக அழைத்துப் போகிறோம். இந்த ஊர் அவருக்கு அடைக்கலம் தந்தது என்ற ஒரு செய்தியை அங்கேயே அவர்களிடம் சொல்லலாம். அகதிகள் பற்றிய முதல் பாடம் அந்தத் திண்ணையில் நடக்கலாம்.

சுற்றுலாவைப் பற்றியும் ஒரு சொல். நம் கல்லூரிகளிலிருந்து குடகுக்குப் போகும் பேருந்துகள் பைலகுப்பேயில் நிற்கும். தங்கக் கோயில் என்று படம் எடுத்துக்கொள்கிறோம். அது 1960களின் தொடக்கத்தில் திபெத்திய அகதிகளுக்கென்று கர்நாடகத்தில் நிலம் ஒதுக்கி உருவான குடியிருப்பு என்பதை அங்கே இறங்கும் மாணவர்களில் எத்தனை பேர் அறிவார்கள்? நான் மாணவியாக அங்கே சுற்றுலா போயிருந்தபோது, முகாமிலிருந்து வந்த தோழி ஒருத்தி எங்களோடு வர இயலவில்லை. வெளியூரில் தங்குவதற்கு வேண்டிய அனுமதி உரிய நாளுக்குள் வந்து சேரவில்லை; தலைக்கணக்கு எடுக்கும் நாளில் முகாமில் இல்லாவிட்டால் பதிவு என்னாகுமோ என்று வீட்டிலும் அஞ்சினார்கள். திட்ட அலுவலர்கள் ஒரு மாதம் முன்னதாகவே கல்லூரி முத்திரையோடு ஒரு கடிதம் எழுதிக் கொடுத்திருந்தால், அவள் வந்திருப்பாள். இனிப் பயணம் எதையும் திட்டமிடும்போது அந்தக் கடிதத்தை முதல் வேலையாக வைத்துக்கொள்ளுங்கள்.

உலகக் கணக்கையும் தொண்டர்கள் தெரிந்திருக்க வேண்டும் என்பதில் ஐயமில்லை. 2024ஆம் ஆண்டின் முடிவில் வலிந்து பெயர்க்கப்பட்டோர் 12 கோடியே 32 லட்சம் பேர் என்று ஐ.நா. அகதிகள் ஆணையம் கணக்கிட்டது. அவர்களில் 7 கோடியே 35 லட்சம் பேர் சொந்த நாட்டுக்குள்ளேயே அலைபவர்கள். எல்லை கடந்தவர்களில் பெரும்பாலோரைத் தாங்குபவை செல்வந்த நாடுகள் அல்ல, பெரும்பாலும் பக்கத்து ஏழை, நடுத்தர வருவாய் நாடுகளே. காக்ஸ் பஜாரில் பத்து லட்சம் ரோஹிங்கியாக்களை வைத்திருக்கும் வங்கதேசம் அதற்குக் கண்கண்ட சான்று. ஆயினும் சூடானையும் சிரியாவையும் பற்றிச் சுவரொட்டி வரையும் கை, காலாப்பட்டுக்கு அப்பால் இருக்கும் ஊரைத் தொடாமல் இருப்பதை என்னால் ஏற்க முடியவில்லை. இரண்டையும் சேர்த்துப் படிக்கும்போதுதான் ஒன்று மற்றொன்றை விளக்கும்.

எல்லாவற்றுக்கும் மேலாக, முகாம் இளைஞர்களை உதவி பெறுபவர்களாக மட்டும் உட்காரவைக்காதீர்கள். நம் அலகுகளில் அவர்களும் தொண்டர்களாகச் சேரட்டும், குழுத் தலைவர்களாகட்டும், 'தானே' புயலுக்குப் பின் கடலூரில் முறிந்து கிடந்த முந்திரி மரங்களை அகற்றியதுபோன்ற பணிகளில் நம்மோடு தோள் கொடுக்கட்டும். அவர்கள் தம் கதையைச் சொல்ல விரும்பினால் நேரமும் இடமும் அவர்களே குறிக்கட்டும். சொல்ல விரும்பாவிட்டால், அந்த மௌனத்துக்குக் காரணம் கேட்கும் உரிமை நமக்கு இல்லை. அன்று நான் மேடையேற்றிய மாணவி இப்போது கீழ் வகுப்புப் பிள்ளைகளுக்குக் கணக்கியல் நடத்துகிறாள். அவள் பாடம் நடத்தும்போது நான் பின்வரிசையில் உட்கார்ந்து விடைத்தாள் திருத்துகிறேன்.

நடைமுறை ஒன்றையும் குறிப்பிட்டு நிறுத்துகிறேன். முகாமுக்குள் வெளியார் குழுவாகப் போவதற்கு வருவாய்த் துறையின் அனுமதி வேண்டும். மாவட்ட ஆட்சியர் அலுவலகத்துக்கும் வட்டாட்சியர் அலுவலகத்துக்கும் விண்ணப்பம் எழுத வேண்டும். விடை வரச் சில வாரங்கள் ஆகலாம். டிசம்பர் விடுமுறையில் சிறப்பு முகாம் என்றால், செப்டம்பரிலேயே தொடங்கிவிடுவது நல்லது. விண்ணப்பம் எழுதுவதற்குமுன் இரண்டு பேர் மட்டும், பதாகை இல்லாமல், ஒரு மாலை நேரம் முகாம் தலைவரையும் அங்குள்ள மகளிர் குழுவினரையும் பார்த்து, நாங்கள் வருவது உங்களுக்கு வேண்டுமா, வந்தால் எந்த வேலை பயன்படும் என்று கேளுங்கள். அவர்கள் வேண்டாம் என்றால் அந்த ஆண்டு போகாதீர்கள். வேண்டும் என்றால், அவர்கள் சொல்லும் வேலையின் பெயரையே திட்ட அறிக்கையின் தலைப்பில் எழுதுங்கள். ஸ்கேன் கருவி ஒன்று எங்கள் மாலை வகுப்பில் இருக்கிறது. கேட்கும் அலகுக்குத் தரக் காத்திருக்கிறோம்.

இங்ஙனம்,
முன்னாள் தொண்டர் ஒருத்தி,
கடலூர்